வில்பத்து சபாரி: லொட்ஜ், ஜீப், டிக்கெட் எல்லாம் எங்களுக்கு எப்பிடி இருந்தது

ஆடி ஆவணியில ஊருக்குப் போற எங்கட ஆக்கள் நல்லூர்க் கொடியேத்தம், மடுத் திருவிழா, சொந்தத்துக்குள்ள ஒரு கலியாணம், கசூரினா கடற்கரை எண்டு முடிச்சுக்கொண்டு திரும்பப் பிளேன் ஏறிடுவினம், வவுனியாவில இருந்து ஒரு காலமை ஓட்டத்தில இலங்கையின்ர ஆகப் பெரிய தேசியப் பூங்கா கிடக்கு எண்டது கன பேரின்ர யோசனைக்கே வாறேல்ல. நாங்கள் இந்தமுறை ஸ்காபரோவில இருந்து அம்மா, பிள்ளையள், இவர் எண்டு எல்லாருமாப் போன நேரம் வில்பத்துக் காட்டு வாசலுக்குக் கிட்ட ஒரு சின்ன சபாரி லொட்ஜில தங்கி காட்டுக்குள்ளயும் போய் வந்தனாங்கள். எங்கட ஆக்கள் இன்னும் கன பேர் போகவேணும் எண்டு எனக்கு உண்மையா ஆசை, அதுதான் விபரமா எழுதுறன்.

வில்பத்து 1,317 சதுர கிலோமீற்றர், 1938இல தேசியப் பூங்கா ஆக்கினது. தெற்கால கலா ஓயா, வடக்கால மோதரகம் ஆறு, மேற்கால கடல். அம்மா செட்டிகுளம் ஆள், வரைபடத்தில பாத்தா அவவின்ர ஊருக்கும் காட்டுக்கும் பெரிய தூரமே இல்ல, ஆனா ரோட்டால மதவாச்சி, அனுராதபுரம், நொச்சியாகம எண்டு சுத்தித்தான் வரவேணும். புத்தளம் ரோட்டில இருந்து உள்ளுக்குத் திரும்பினா ஹுனுவிலகம வாசல், அதுதான் முக்கியமான கேட். காலமை 6 மணிக்குத் திறப்பினம், பின்னேரம் 6 மணிக்குள்ள எல்லாரும் வெளிய வந்திட வேணும்.

இதாலதான் எங்க தங்கிறது எண்டது பெரிய விசயம். அனுராதபுரத்தில நல்ல ஹொட்டலுகள் கிடக்கு, சுவிமிங் பூல் கிடக்கு, ஆனா அங்க தங்கினா விடிய நாலரைக்கே சின்னப் பிள்ளையளை எழுப்பி வானில ஏத்தவேணும், அதுகள் காட்டுக்குள்ள போகேக்க நித்திரை. கேட்டுக்குக் கிட்டத் தங்கினா அஞ்சு மணிக்கு எழும்பி பிளேன்ரீ குடிச்சிட்டு ஆறுதலாப் போகலாம். வான் பிடிச்சுத் தந்த ஆள் (பேர் வேண்டாம்) தனக்குத் தெரிஞ்ச ஹொட்டலுக்குத்தான் கொண்டுபோவன் எண்டு கடைசி மட்டும் நிண்டவர், அங்க அவருக்குக் கொமிசன் எண்டது கதையிலயே விளங்கினது. நீங்கள் முதலே லொட்ஜோட நேர கதைச்சுப் புக் பண்ணிப்போட்டு வான்காரருக்கு இடத்தை மட்டும் சொல்லுங்கோ.

லொட்ஜ் எண்டா பெரிசா ஒண்டும் கற்பனை பண்ணாதேங்கோ. ஒரு சின்னக் குளத்துக்குக் கரையில ஓடு போட்ட தனித்தனி அறையள், முன்னால விறாந்தை, நுளம்பு வலை, பேன். ஏசி இருந்தது ஆனா கரண்ட் போய்ப் போய் வந்தது, காட்டுப் பக்கம் எண்டதால ராவில அவ்வளவு வெக்கையும் இல்ல. சுடுதண்ணி சூரிய ஒளியில சூடாகிறது, பின்னேரம் குளிச்சா கொதிக்கும், விடிய குளிச்சா பச்சைத்தண்ணிதான், வயசான ஆக்களோட போறவை இதைக் கேட்டு வையுங்கோ. அம்மாவுக்குக் காலமை ஒரு பெரிய கேத்திலில சுடவைச்சுக் கொண்டந்து தந்தவை, நாங்கள் கேக்கேல்ல, அவையளாப் பாத்துச் செய்தது. ராவில சாப்பாட்டறையில இருந்து அறைக்குப் போறதெண்டாலும் ஒரு தம்பி டோர்ச் லைட்டோட கூட வருவார், யானை வேலி இருந்தாலும் யானை சில நேரம் வேலியை முறிச்சுக்கொண்டு வாறதாம், தனிய இருட்டில நடக்க விடமாட்டினம். பிள்ளையளுக்கு அதே ஒரு பெரிய புழுகம்.

சாப்பாட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும். வீட்டுக்காரர் ஒரு சிங்களக் குடும்பம், அந்த அக்காதான் சமையல். சிவப்பரிசிச் சோறு, குளத்து மீன் குழம்பு, தாமரைக்கிழங்குக் கறி, பலாக்காய், கட்டைச்சம்பல், காலமையில குரக்கன் ரொட்டி. தாமரைக்கிழங்கு அனுராதபுரப் பக்கத்துக் குளங்களில எடுக்கிறது, தேங்காய்ப்பாலில மெல்லிசா வெட்டிக் காச்சியிருந்தா, என்ர மகன் இங்க மரக்கறி எண்டா முகத்தைத் திருப்பிறவன் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினவன். நாங்கள் போய் இறங்கின நாள் வெள்ளிக்கிழமை, அம்மா வெள்ளியில மச்சம் தொடமாட்டா, நான் போனில ஒரு சொல்லுத்தான் சொல்லியிருந்தனான். அந்த அக்கா அம்மாவுக்கு வேற சட்டி, வேற அகப்பை வைச்சுச் சமைச்சு, அதைக் கொண்டந்து காட்டி "அம்மா, இது வேற சட்டி" எண்டு தனக்குத் தெரிஞ்ச தமிழில சொன்னா. அம்மா அண்டைக்குத்தான் ஊரில வந்ததுக்கு முதல் தரமா வெளியில வயிறு நிறையச் சாப்பிட்டவ. கொழும்பில பெரிய ஹொட்டலில நாங்கள் மூண்டு மடங்கு காசு குடுத்துத் தங்கினனாங்கள், அங்க ஒருத்தரும் இப்பிடிக் கவனிக்கேல்ல.

டிக்கெட் விசயம். வெளிநாட்டுப் பாஸ்போட் எண்டா வெளிநாட்டு டிக்கெட்தான், நீங்கள் யாழ்ப்பாணத்தில பிறந்தனீங்களோ வன்னியில பிறந்தனீங்களோ எண்டது கணக்கில்ல, உள்ளூர் ஆக்களின்ர விலையைவிடப் பல மடங்கு கூட. அதுக்கு மேல சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வற் வரி எல்லாம் வரும். இரட்டைக் குடியுரிமை எடுத்தவை அந்தப் பத்திரத்தையோ இலங்கைப் பாஸ்போட்டையோ கையோட கொண்டுபோங்கோ. எங்களோட வந்த மச்சாளிட்ட அடையாள அட்டை இருந்ததால அவவுக்கு உள்ளூர் விலை. லொட்ஜிலயே டிக்கெட் எவ்வளவு, ஜீப் எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு எண்டு தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்கோ, எல்லாம் சேத்து ஒரு தொகை எண்டு சொல்லுற இடத்தில பிறகு ஒண்டும் விளங்காது.

இனி ஜீப். எனக்கு இதில சொல்ல இருக்கிறது ஒரு விசயம்தான்: நீங்கள் எந்த லொட்ஜில தங்கிறீங்கள் எண்டதைவிட எந்த ட்ரைவரோட காட்டுக்குள்ள போறீங்கள் எண்டது முக்கியம். தெற்கில இருக்கிற யாலப் பூங்காவின்ர முதலாம் பிரிவுக்குள்ள ஒரு சிறுத்தைக்கு வரிசையா ஜீப் நிக்கிற படங்கள் எல்லாரும் பாத்திருப்பீங்கள். ஒரு ட்ரைவர் கண்டா மற்றவருக்குப் போன், உடன எல்லாரும் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடுறது. வில்பத்து பெரிய காடு, ஜீப்புகள் பரந்து போகும், அதால அந்தளவு இல்ல, ஆனா இங்கயும் போன் வந்தா ஓடுற ட்ரைவர்மார் இருக்கினம். எங்களுக்கு வந்தவர் அப்பிடி இல்ல. நாப்பது வயசு இருக்கும், அந்தப் பக்கத்துக் கிராமத்தவர், முந்தி வவுனியாவில கடையொண்டில வேலை செய்ததால தமிழ் ஓரளவு கதைப்பார். நான் முதலே சொன்னனான், "அண்ணா, எங்களுக்குச் சிறுத்தை காட்டியே ஆகவேணும் எண்டில்ல, ஆறுதலாப் போனாக் காணும்" எண்டு. அந்த மனுசன்ர முகம் அப்பிடியே மலர்ந்திட்டுது. ஓடச்சொல்லி நெருக்கிறதே வாற ஆக்கள்தானாம், சிறுத்தை காணாட்டி சந்தோசக் காசும் இல்லையாம்.

காட்டுக்குள்ள ரோட்டு சிவப்பு மணல், ரெண்டு பக்கமும் அடர்ந்த மரம், திடீரெண்டு வெளிச்சு ஒரு வில்லு வரும். வில்லு எண்டது மழைத்தண்ணி தேங்கிற பள்ளம், சுத்திவர வெள்ளை மணலும் புல்லும், இப்பிடி அறுபதுக்குக் கிட்ட இந்தக் காட்டுக்குள்ள இருக்கு, சிலதில தண்ணி உப்பு. பணிக்கர் வில்லு, காளி வில்லு, குருட்டுப் பாண்டி வில்லு எண்டு பேருகள். பணிக்கர்மார் எண்டா அந்தக் காலத்தில யானை பிடிக்கிற ஆக்கள், அம்மா அதுக்கு ஒரு பெரிய கதையே பிள்ளையளுக்குச் சொன்னவ. ஆடி ஆவணியில காடு காஞ்சு போய்க் கிடக்கும், தண்ணி இருக்கிற இடம் குறைவு, அதால மிருகங்கள் எல்லாம் வில்லுக் கரைக்குத்தான் வரும், நாங்கள் லீவில போற காலம் சபாரிக்கும் நல்ல காலம் எண்டது எங்களுக்குக் கிடைச்ச பெரிய வசதி.

ஒரு வில்லுக் கரையில ட்ரைவர் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுச் சொன்னார், "அம்மா, கொஞ்சம் சும்மா இருப்பம், மான் சொல்லும்." புள்ளிமான் கூட்டம் ஒண்டு மேஞ்சுகொண்டு நிண்டது, மரத்தில மந்தி. கன நேரம் ஒண்டும் இல்ல, பிள்ளையள் நெளியத் தொடங்கிட்டுதுகள், நாரை மீன் கொத்திறதை அவர் காட்டினார், முதலை வாயைத் திறந்துகொண்டு கிடந்ததைக் காட்டினார், பிறகு பாத்தா மந்தி ஒண்டு மேல இருந்து கத்தத் தொடங்கினது, மான் எல்லாம் ஒரே பக்கம் தலையைத் தூக்கி காலை மண்ணில அடிச்சுது, அந்தப் பக்கப் பத்தைக்குள்ள இருந்து சிறுத்தை வெளிய வந்து மணலில நடந்து போய்த் தண்ணி குடிச்சது. பயமே இல்லாத நடை. இலங்கைக் காட்டில சிங்கமும் இல்ல வரிப்புலியும் இல்ல, சிறுத்தைதான் பெரிசு, அதாலதான் பட்டப்பகலில இப்பிடி வெளியில நடக்குது எண்டு ட்ரைவர் விளங்கப்படுத்தினார். மேலில இருக்கிற புள்ளி ஒண்டுக்கு இருக்கிற மாதிரி இன்னொண்டுக்கு இராதாம், அதை வைச்சே இது எது எண்டு அவருக்குத் தெரியும். அது எங்கட பக்கம் வரப் பாக்க ட்ரைவர் ஜீப்பை மெல்லப் பின்னால எடுத்து அது ரோட்டைக் கடக்க வழி விட்டவர். கிட்டக் காட்டினா எங்களுக்குச் சந்தோசம், அவருக்குக் காசும் கூட வரும், எண்டாலும் வழி விட்டார். அந்த மனுசனில எனக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது.

பின்னேர ஓட்டத்தில கரடி. பாலைப்பழம் வைகாசி தொடக்கம் ஆடி மட்டும் பழுக்கும், கரடி மரத்திலயே ஏறித் தின்னும். நாங்கள் கண்டது கீழ விழுந்து கிடந்த கடைசிப் பழங்களைப் பொறுக்கிக்கொண்டு நிண்டது, எங்களைத் திரும்பியும் பாக்கேல்ல. அம்மா சின்னனில பாலைப்பழம் தின்டு சொண்டு பசையா ஒட்டிப்போன கதையைச் சொல்ல, ட்ரைவர் தன்ர ஊரிலயும் அப்பிடித்தான் எண்டு சிரிச்சவர். பாலை, வீரை, முதிரை, கருங்காலி எண்டு போற வழியெல்லாம் அம்மா மரத்துக்குப் பேர் சொல்லிக்கொண்டே வந்தா, கனடாவில பனிக்குள்ள அடைஞ்சு கிடக்கிற மனுசிக்கு இவ்வளவு தெரியும் எண்டதே என்ர பிள்ளையளுக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

இந்தக் காடு சண்டையால 1988 கடைசியில மூடி 2003இலதான் திறந்தது, பிறகு 2006இல கண்ணிவெடியில ஜீப்பில போன ஆக்கள் செத்தவை, திரும்பப் பூட்டி 2010இல திறந்தது. அம்மாவுக்கு வில்பத்து எண்டா அந்தக் காலப் பயம்தான் மனசில, வரமாட்டன் எண்டு நிண்டவ. ட்ரைவரிட்டயும் கேட்டவ, அந்த நேரம் நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு. காடு பூட்டினா எங்களுக்குச் சோறு இல்ல, கூலி வேலைக்குப் போனனாங்கள் எண்டார். ரெண்டு பேரும் கனக்கக் கதைக்கேல்ல, ஆனா அதுக்குப் பிறகு அம்மா தன்ர சாப்பாட்டுப் பெட்டியில இருந்த முட்டையை அவருக்கு எடுத்துக் குடுத்தவ.

குறை எண்டு பாத்தா, அறையில பாத்ரூம் கதவு வடிவாப் பூட்டாது, சொல்லியும் திருத்தேல்ல. ஜீப் சீற் கடும் உலுப்பல், நாரி நோ இருக்கிறவை அரைநாள் ஓட்டம் மட்டும் எடுங்கோ, ஒரு தலகாணி கேட்டு வாங்குங்கோ. முழுநாள் எண்டா மத்தியானம் காட்டுக்குள்ள மரதன்மடுவ எண்ட இடத்தில இறங்கிச் சாப்பிடலாம், மற்றப்படி கண்ட இடத்தில இறங்க விடமாட்டினம், பிள்ளையளுக்கு முதலே சொல்லி வையுங்கோ. புழுதிக்குத் தலையில கட்ட ஒரு துணி, மங்கல் நிற உடுப்பு, பைனாகுலர். பிளாஸ்ரிக் பைகளைக் கொண்டுபோகாதேங்கோ, மான் தின்னும்.

சந்தோசக் காசை லொட்ஜ் பில்லோட சேக்காமல் ட்ரைவரின்ர கையில நேர குடுங்கோ. எங்களுக்கு வந்தவருக்கு ஜீப் சொந்தமில்ல, நாட்கூலிதான். சமைச்ச அக்காவுக்கும் தனியக் குடுங்கோ. குதிரைமலை மட்டும் இந்தமுறை போகக் கிடைக்கேல்ல, கடல் பக்கம், செம்மண் முனை, அங்க போக முழுநாள் ஜீப் வேணும், விடியவே வெளிக்கிட வேணும். அடுத்தமுறைக்கு அதே ட்ரைவரைத்தான் கேட்டு வைச்சிருக்கிறம், அம்மாதான் போன் நம்பர் வாங்கினவ.