கருகிய ஹெட்லைட் கனெக்டர்: துடைக்கலாமா, மாற்றலாமா, ரிலே போடலாமா?

பழைய கொரோலாவிலோ சன்னியிலோ ஒரு பக்க லைட் மங்கினால் உடனே பல்பைக் குறை சொல்ல வேண்டாம். ஹை பீமும் டிம்மும் ஒரே பல்பில் வரும் எச்4 பல்பின் பின்னால் செருகியிருக்கும் மூன்று பின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின்னைச் சுற்றி இளகியிருந்தால் அங்கேதான் கோளாறு.

பியூஸ் போகவில்லை என்று நிம்மதியடைய முடியாது. பியூஸ் கூடுதல் கரண்டுக்குத்தான் போகும். இங்கே கரண்ட் கூடுவதே இல்லை. 60 வாட் பல்புக்குப் போவது சுமார் 5 அம்பியர். பின்னின் பிடி தளர்ந்து 0.1 ஓம் தடை வந்தாலே அந்தச் சிறு இடத்தில் 2.5 வாட் சூடு இறங்கும். சூட்டில் பிடி இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும். வெளிச்சம் வேண்டும் என்று 100 வாட் பல்ப் போட்டவர்களுக்கு அதே தடையில் 7 வாட்டுக்குக் கிட்ட வரும். அப்படியானால் முதல் வேலை 60/55 பல்புக்கு (ஹை பீம் 60 வாட், டிம் 55 வாட்) திரும்புவது.

துடைத்து இறுக்குவதுதான் மலிவு. கொண்டாக்ட் கிளீனர் அடித்து, பல்பின் தகட்டைக் கவ்வும் பெண் பின்னை மெல்ல நெருக்கிவிட்டால் லைட் பளிச்சென்று எரியும். பிளாஸ்டிக் நிறம் மாறாத கனெக்டருக்கு இது போதும். ஆனால் ஒருமுறை நன்றாகச் சூடேறிய பெண் பின் ஸ்பிரிங் தன்மையை இழந்திருக்கும். நெருக்கினாலும் திரும்பத் தளரும்.

கருகியதற்கு மாற்றுவதே சரி. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டு வகை கேட்டு வாங்கலாம்: ஜப்பான் வண்டியிலிருந்து வயரோடு வெட்டியெடுத்தது, அல்லது புதிய செராமிக் ஹோல்டர். செராமிக் இளகாது என்பதற்காகவே பலர் அதை எடுக்கிறார்கள். ஆனால் சூட்டை உண்டாக்குவது உள்ளே இருக்கும் பின். செராமிக்குக்குள் மெல்லிய தகட்டுப் பின் இருந்தால் சூடு அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, வயரின் தோல்தான் பொரியும். பல்பைக் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். இழுக்கும்போது நன்றாக இறுக்கிப் பிடிப்பதை எடுங்கள். வெட்டியெடுத்ததில் பின் கறுக்காமல் இருந்தால் என் தெரிவு அதுதான்.

இணைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் வயரை உரித்தால் செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவதை ஏற்காதீர்கள். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை உருகி வழியும். சரியான கருவியால் கிரிம்ப் செய்து (உலோகக் குழலுக்குள் வயரை வைத்து நசுக்கி இணைத்து), மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போடுவது நல்லது. ஈயப்பற்று வைத்தால் வயர் அந்த இடத்தில் விறைத்து, அதிர்வில் ஓரமாக முறியக்கூடும்.

சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் ரிலே. கனெக்டர் மாற்றுவதற்கு ரிலே கிட் போட்டி என்று சொல்வார்கள். உண்மையில் அது வேறு நோய்க்கான மருந்து. ஹெட்லைட் கரண்ட் முழுவதும் ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச் வழியாகப் போகும் வண்டிகளில், ரிலே போட்டால் சுவிட்ச் வழியே போவது ஒரு அம்பியருக்கும் மிகக் குறைவு. சுவிட்ச் சுட்டாலோ, நீண்ட பழைய வயரில் வோல்டேஜ் விழுந்தாலோ கட்டாயம் போடுங்கள், பற்றரிக்குப் பக்கத்தில் தனி பியூஸோடு. ஆனால் பல்ப் கனெக்டர் வழியே அதே 5 அம்பியர்தான் போகும். சொல்லப்போனால் வோல்டேஜ் உயர்வதால் கொஞ்சம் கூடவே போகும். கருகிய கனெக்டரை விட்டுவிட்டு ரிலே மட்டும் போடுவது வீண் செலவு.

எல்இடி பல்ப் கரண்டைக் குறைக்கும், சூடும் குறையும். ஆனாலும் ஹாலோஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் ஒளி சிதறி, கொழும்பின் நெரிசலான காலி வீதியில் (Galle Road) எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரரின் கண்ணில் அடிக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

எதைச் செய்தாலும் கராஜை விட்டுக் கிளம்பும் முன், லைட் எரியும்போதே கனெக்டரின் பின்பக்க வயருக்கும் பல்பின் தகட்டுக்கும் இடையே வோல்ட் அளந்து காட்டும்படி வயரிங் வேலை செய்த பாஸிடம் கேளுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் பணத்தைக் கொடுக்கலாம். அரை வோல்ட் காட்டினால் திரும்பக் கழற்றச் சொல்லுங்கள்.