டிஃபென்சிவ் டிரைவிங் பயிற்சி: சில வருடம் ஓட்டிய பிறகு

சேலத்திலிருந்து சென்னை, ஓசூர், கோவை என்று வேலைக்காகக் காரிலேயே அலைகிறவன் நான். ஆலைகளில் இயந்திரங்களைச் சரிபார்க்கும் வேலை. எங்கள் நிறுவனம் சில வருடங்களுக்கு முன் இரண்டு நாள் டிஃபென்சிவ் டிரைவிங் (ஆபத்தை முன்பே கணித்து விலகி ஓட்டுவது) பயிற்சிக்கு அனுப்பியது. சான்றிதழ் வாங்கிய சூட்டில் எழுதியிருந்தால் எல்லாமே பிரமாதம் என்று எழுதியிருப்பேன். இப்போது எது நிலைத்தது, எது காற்றில் போனது என்று நன்றாகத் தெரிகிறது.

முதல் நாள் வகுப்பறை. விபத்து வீடியோக்கள் நிறையப் போட்டார்கள். அந்தப் பயம் ஒரு வாரம்கூடத் தங்காது. 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவர்களே அன்று மாலை லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டாம் நாள்தான் பயிற்சி. பயிற்சியாளர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "என்ன தெரியுதோ அதைச் சத்தமா சொல்லிக்கிட்டே ஓட்டுங்க சார்" என்றார். நானும் சொல்ல ஆரம்பித்தேன்: "இடப்பக்கம் பஸ் நிற்கிறது, அதன் முன்னாலிருந்து யாராவது இறங்கி ஓடி வரலாம். மீடியனில் இடைவெளி இருக்கிறது, பைக் ஒன்று திரும்பக் காத்திருக்கிறது. பின்னால் கார் நெருங்குகிறது." கொஞ்ச தூரத்திலேயே வாய் வறண்டுவிடும். ஆனால் கண் எங்கெங்கே போகாமல் இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். ஹரால்ட் ஸ்மித் என்பவர் 1952-ல் அமெரிக்காவில் தொடங்கிய பயிற்சி முறையின் அடிப்படையும் இதேதான்: தூரமாகப் பார், சுற்றிலும் பார், கண்ணை ஓரிடத்தில் நிறுத்தாதே, விலக ஒரு வழி வைத்துக்கொள், மற்றவர் உன்னைப் பார்த்துவிட்டாரா என்று உறுதி செய். பிரேக் அடிக்கும் திறமையைவிட, பிரேக் தேவைப்படும் என்று முன்பே தெரிந்துகொள்வதுதான் பெரிது. இன்றும் தூக்கம் தட்டும் மதிய வேளைகளில் தனியாகப் போனால் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓட்டுகிறேன். அதுவும் போதவில்லை என்றால் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன்.

அடுத்தது மூன்று நொடி இடைவெளி. முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பித்தால், நாம் அந்தக் கம்பத்துக்கு வர மூன்று நொடியாவது ஆக வேண்டும். மழை என்றால் இன்னும் கூட. 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடுகிறோம். "நம்ம ஊர்ல கேப் விட்டா எவனாவது நுழைவான்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நுழைவார்கள்தான். நுழையட்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் இடைவெளி திரும்பவும் கிடைத்துவிடும். சென்னை போய்ச் சேரும்போது கணக்குப் பார்த்தால் சில நிமிடங்கள்கூட வித்தியாசம் வராது.

சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி புறவழிகளில் நான்கு வழிச் சாலை பல வருடங்களாக இரண்டு வழியாகச் சுருங்கிக் கிடந்தது. வேகம் அப்படியே இருக்கும், எதிரே மட்டும் திடீரென்று வண்டிகள் வரும். தூரமாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு மிகவும் உதவியது அங்கேதான். பலகை தெரிந்ததும் வேகத்தைக் குறைப்பேன், ஓவர்டேக் எண்ணத்தை விட்டுவிடுவேன், ஹெட்லைட் போட்டுக்கொள்வேன். தொப்பூர் இறக்கம் வேறு மாதிரி. அங்கே ஆபத்து பின்னாலிருந்து வரும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரி, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால் எதன்மேல் மோதும் என்று சொல்ல முடியாது. கியரைக் குறைத்து இன்ஜின் பிடிப்பில் இறங்குவது, கண்ணாடியை அடிக்கடி பார்ப்பது, இரண்டு லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளாமல் இருப்பது ஆகிய மூன்றையும் இப்போது நினைத்துச் செய்ய வேண்டியதில்லை, தானாகவே நடக்கிறது.

ஏபிஎஸ் (பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பயிற்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் அது கட்டாயம். ஆனால் அதைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. காலி மைதானத்தில் முழு பலத்தோடு மிதிக்கச் சொன்னார்கள். பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதறும். பழக்கமில்லாதவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடுவார்கள். எடுக்கக் கூடாது. அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி கேட்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, கால்தான் உணர வேண்டும். பயிற்சிக் கட்டணம் இந்த ஒன்றுக்கே தகும்.

எதிர்பாராத பலனும் உண்டு. பிரேக் பேட் முன்பைவிட நாள்பட வருகிறது. வளைவு வந்தாலே ஜன்னல் மேல் கைப்பிடியை இறுக்கிக்கொள்ளும் அம்மா இப்போது ஏற்காடு மலைப்பாதையில்கூட நிம்மதியாகத் தூங்குகிறார். பின் சீட்டிலும் பெல்ட் போடாமல் எங்கள் வண்டி நகராது.

குறைகளும் இருக்கின்றன. நெரிசலான ஊருக்குள் ஓட்டுவதற்குச் சொல்லிக்கொடுத்தது மிகக் குறைவு. எதிர்த்திசையில் வரும் பைக், ஷேர் ஆட்டோ, திடீரென்று கையை நீட்டிக் கடக்கும் பாதசாரி எல்லாம் பாடத்தில் ஓரமாகத்தான் வந்தார்கள். இரண்டு சக்கர வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அங்கே எதுவுமே இல்லை. அவர்களுக்குத்தான் இது முதலில் போக வேண்டும். அப்புறம், மறதி. ஒரு வருடத்துக்குள் இடைவெளி மெல்லச் சுருங்கும். நிறுவனம் அரை நாள் மறுபயிற்சி வைத்த பிறகுதான் பழையபடி ஆனது. நியூயார்க் மாநிலத்தில் இத்தகைய வகுப்பு முடித்தால் காப்பீட்டில் 10 சதவீதம் மூன்று வருடத்துக்குக் குறைகிறது. இங்கே என் பிரீமியத்தில் ஒரு ரூபாயும் குறையவில்லை.

சொந்தக் காசில் சேர்வதாக இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். சாலையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்களா? அவசர பிரேக் பயிற்சிக்கு மைதானம் இருக்கிறதா? இரண்டும் இல்லாமல் ஆன்லைனில் சான்றிதழ் மட்டும் தருகிறவர்களிடம் போக வேண்டாம். புதிதாக லைசென்ஸ் எடுத்த தங்கை மகளைச் சில மாதம் தினமும் ஓட்டிவிட்டுச் சேரச் சொல்லியிருக்கிறேன். கிளட்சும் கியரும் கைக்குப் பழகாதவரை கண்ணுக்கு வேறு வேலை கொடுக்க முடியாது.