தொப்பியில் ரவை இல்லாமல் நாலு மாதம்: ஆன்லைன் மிருதங்க வகுப்புக்குப் பணம் கட்டுமுன் இதைப் படிச்சிருங்க

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். என் பையனுக்கு 11 வயது. பச்சைமலைக் கோயிலில் ஒரு கச்சேரி கேட்டதிலிருந்து மிருதங்கம், மிருதங்கம் என்று ஒரே பேச்சு. சாப்பாட்டுத் தட்டைக்கூட விடமாட்டான். ஈரோடு கூட்டிப்போய் வர எங்களுக்கு வசதிப்படவில்லை. பள்ளி விட்டு வரவே இருட்டிவிடும். அதனால்தான் ஆன்லைன் வகுப்பு தேடினோம்.

ஒரு நிறுவனம் கிடைத்தது. அவர்கள் மாதிரி வகுப்பை நடத்தியவர் வயதான வித்வான். பையனைத் தாளம் போடச் சொல்லி, 'தகதிமி' சொல்ல வைத்துப் பொறுமையாகக் கேட்டார். எங்கே வேகம் கூடுகிறது என்றுகூடச் சொன்னார். அதை நம்பி ஒரு வருடக் கட்டணம் 24,000 ரூபாயை மொத்தமாகக் கட்டினோம். மிருதங்கத்தையும் அவர்களிடமே 18,500க்கு வாங்கினோம். அந்த வித்வானை அதற்கப்புறம் ஒருநாளும் திரையில் பார்க்கவில்லை.

14 பிள்ளைகளை ஒன்றாகப் போட்டு, எல்லார் மைக்கையும் அணைத்துவிட்டு, ஒரு இளைஞர் வாசித்துக் காட்டுவார். பிள்ளைகள் கூடவே தட்ட வேண்டும். அவ்வளவுதான் வகுப்பு. மூன்றாம் மாதம் அதுவும் போய், பதிவு செய்த வீடியோதான் வந்தது.

மைக்கை அணைப்பதற்கு அவர்கள் சொன்ன காரணம், இணையத்தில் சத்தம் தாமதமாக வரும் என்பது. உண்மைதான். ஒரு தட்டுக்கு ஒரு வினாடி என்று வைத்தாலும், தகதிமியில் நாலு சொல், ஒவ்வொன்றுக்கும் கால் வினாடிதான். அடுத்த காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், அதிலும் பாதி. அந்தத் தாமதத்தில் ஒரு சொல்லே விழுங்கப்பட்டுவிடும், இருவர் சேர்ந்து வாசிக்க முடியாது. ஆனால் அதற்கு வழி இருக்கிறதே. ஆசிரியர் சொல்லி நிறுத்தணும், பிள்ளை தன் கையில் தாளம் போட்டுக்கொண்டு திருப்பிச் சொல்லணும். இல்லாவிட்டால் பிள்ளை வாசித்ததைப் பதிவு செய்து அனுப்பினால், ஆசிரியர் கேட்டுத் திருத்தலாம். சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் மகள் சென்னை ஆசிரியரிடம் இப்படித்தான் கற்கிறாள், நன்றாகவே வாசிக்கிறாள். ஆக, ஆன்லைனைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் பிள்ளை வாசிப்பதை நாலு மாதம் ஒருவர்கூடக் காதுகொடுத்துக் கேட்கவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்வது, என்று தாள் தாளாகச் சொல்லுக்கட்டு அனுப்பினார்கள். பையன் ஐந்து கோர்வையை (முடிவில் வரும் சொல் வரிசை) மனப்பாடம் செய்துவிட்டான், எங்களுக்கும் பெருமையாக இருந்தது. கோளாறை முதலில் கண்டுபிடித்தது என் மாமனார். சங்கீதம் படித்தவர் இல்லை, இளவயதில் கும்மி ஆடியவர். "ஏஞ்சாமி, நீ சொல்றதும் கை போடறதும் ஒட்டவே மாட்டீங்குதே"ன்னார். உட்கார்ந்து பார்த்தால், ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை ஒரு சுற்றுக்கூட அவனால் ஒழுங்காகப் போட முடியவில்லை. ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு இரண்டு முறை. முதல் வாரம் கற்றுக்கொடுக்க வேண்டியது இது. தாளம் கையில் நிற்காமல் ததிங்கிணதொம் சொன்னால் அது வெறும் ஒப்பித்தல்.

ஊரில் ஒரு மிருதங்க ஆசிரியர் இருப்பதை அப்புறம்தான் கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குப் போனோம். வாத்தியத்தைத் திருப்பிப் பார்த்தவர், "ரவை எங்கம்மா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மிருதங்கத்தின் இடது பக்கத் தோலுக்குத் தொப்பி என்று பெயர். அதன் நடுவில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்பினால்தான் 'தொம்' கனமாகக் கேட்குமாம், வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டுமாம். நாலு மாதமாக வெறும் தோலைத் தட்டியிருக்கிறான் என் பிள்ளை. கேட்கும் காது ஒன்று அந்தப் பக்கம் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொன்னார். வலது கைக்கு வர வேண்டிய பக்கமான வலந்தலையை இடப்பக்கம் வைத்து வாசிக்கிறான் என்று. திரையில் எதிரே இருப்பவரைப் பார்த்து அப்படியே கண்ணாடி மாதிரி செய்திருக்கிறான். நிறுவனத்தில் கேட்டபோது, "பழனி சுப்பிரமணிய பிள்ளையே இடது கைக்காரர்தானே, விடுங்க" என்று பதில் வந்தது. கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மிருதங்க மகாவித்வானுக்கு இடது கை இயல்பு. என் பையன் சாப்பிடுவது, எழுதுவது எல்லாம் வலது கையில். தங்கள் அலட்சியத்தை மூட அவர் பேரையா இழுப்பது!

வாத்தியத்தை மிருதங்க வேலை செய்பவரிடம் காட்டினோம். பலா மரம் என்று விற்றது பலாவே இல்லை, வலந்தலையின் நடுவிலிருக்கும் கருப்புப் பூச்சான கரணையும் உதிர ஆரம்பித்துவிட்டது, தோல் மூட்டு மாற்றியே ஆகணும் என்றார்.

பணம் கேட்டால், 'கட்டிய தொகை திரும்பத் தரப்படாது' என்ற வரியைக் காட்டினார்கள். 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, மாதிரி வகுப்பு விளம்பரம் எல்லாம் வைத்திருந்தது கைகொடுத்தது. 9,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்கு ஈரோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. இது தெரியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், மாதிரி வகுப்பு எடுப்பவரேதான் தொடர்ந்து எடுப்பாரா என்று எழுத்தில் வாங்குங்கள். வாரத்தில் எத்தனை நிமிடம் என் பிள்ளை தனியாக வாசிப்பதைக் கேட்பீர்கள் என்று கேளுங்கள். வீடியோ செயலியில் பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் வசதியை அணைக்கச் சொல்லாத ஆசிரியர் மிருதங்கத்தைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம், ஏனென்றால் செயலி வாத்திய ஒலியையே இரைச்சல் என்று வெட்டிவிடும். வருடக் கட்டணம் வேண்டாம், மாதா மாதம் கட்டுங்கள். 12 வயது நிறைந்த பிள்ளைகள் என்றால் ஈரோட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, அங்கே கட்டணம் மிகக் குறைவு. அடுத்த வருடம் இவனுக்கும் அங்கேதான் கேட்கப் போகிறோம்.

இப்போது உள்ளூர் ஆசிரியரிடம் 'த தி தொம் நம்' முதல் காலத்திலிருந்து மறுபடி. கை மாற்றி வைத்துப் பழகியதை மறக்க வைப்பதுதான் பெரிய பாடாக இருக்கிறது என்கிறார் அவர். நேற்றும் இரண்டு முறை வலந்தலையை இடப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு அழுதான்.