வயிறு திறந்திருக்கும்போதே கதிர்வீச்சா, காயம் ஆறிய பிறகா?

அண்ணனுக்குப் பெருங்குடல் புற்று கல்லீரலுக்கும் பரவியிருந்தது. வலப்பக்கத்துப் பெரிய கட்டியை வெட்டி எடுத்துவிடலாம். இடப்பக்கம் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி நின்ற சின்னதில் கத்தி வைக்க முடியாது. ஊசி செருகிச் சூட்டால் பொசுக்கலாமென்றால், பக்கத்தில் ஓடும் ரத்தமே சூட்டைக் கொண்டுபோய்விடும். மிஞ்சியது கதிர்வீச்சு. அறுவையின்போதே ஒரே தடவையாகவா, பிறகு வெளியிலிருந்து மூன்று தவணையாகவா? நாங்கள் எடுத்தது இரண்டாவது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

முதலாவதன் வசதி தெரிந்ததே. குடலையும் இரைப்பையையும் கையால் ஒதுக்கிவிடலாம். அதில் பாய்ச்சும் எலக்ட்ரான் கற்றை சில சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றுவிடும். ஒரே நாளில் வேலை முடியும். கருவிதான் எல்லா ஊரிலும் கிடையாது.

எங்கள் முடிவு மிச்சக் கல்லீரலைப் பொறுத்திருந்தது. ஒரு மூலையில் கடுமையான கதிர் விழுந்தாலும் மீதிப் பகுதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். முழுக் கல்லீரலிலும் விழுந்தாலோ, தினம் 2 கிரே (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு) வீதம் கொடுத்தாலும் மொத்தம் 30 கிரேயைத் தாண்டினால் ஆபத்து ஏறும். சில வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு வயிற்றில் நீர் கோக்கும். அதனால் மூன்று தவணை முறையில், குறைந்தது 700 கன சென்டிமீட்டர் நல்ல கல்லீரல் 15 கிரேக்குக் குறைவாகவே வாங்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

எலக்ட்ரான் சிறு இடத்தில்தான் விழும். அந்தக் கணக்கு அங்கே அப்படியே செல்லாது. ஆனால் வலப்பக்கத்தை வெட்டிய அன்று இருப்பது சின்னக் கல்லீரல், அதுவும் இனிமேல்தான் வளர வேண்டியது. அந்த நேரத்தில் மொத்த அளவையும் ஒரே மூச்சில் இறக்கிவிட்டால் திருத்த வழியில்லை. பித்தநாளம் பக்கத்தில் இருந்தால் அது சுருங்கிப்போகும் அபாயமும் உண்டு.

காத்திருந்ததில் கல்லீரல் வளர்ந்தது. புதிய சி.டி.யில் ஒவ்வொரு படமாக அதன் விளிம்பை வரைந்து கூட்டினார்கள்: 980 கன சென்டிமீட்டர். திரையில் கட்டியைச் சுற்றி, எங்கே எவ்வளவு கதிர் விழும் என்று காட்டும் சிவப்பு, மஞ்சள், நீல வளையங்கள். நீலத்துக்கு வெளியே இருந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

சிரமமும் இருந்தது. மூச்சோடு கல்லீரல் மேலும் கீழும் போகாமலிருக்க வயிற்றை இறுக்கும் பட்டை. அதைவிட, கட்டி வளர்ந்துவிடுமோ என்று தூங்காத வாரங்கள். கட்டியை எது நன்றாக அடக்கும் என்று ஒரே ஒருவரின் ஓராண்டு ஸ்கேனை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. கட்டி குடலோடு ஒட்டியிருந்தால் முதலாவதையே கேட்டிருப்பேன்.

கல்லீரல் பாதிப்பு தலைகாட்டினால் பெரும்பாலும் நான்கு மாதத்துக்குள் என்றார்கள். அண்ணி வாராவாரம் தையல் டேப்பால் அண்ணனின் வயிற்றை அளந்து காலண்டரில் குறித்து வைத்தார். ஐந்தாம் மாதம் டேப் தையல் பெட்டிக்குத் திரும்பியது.