நயாகராவுக்கு மோட்டார் ஹோமில்: எதற்கு நல்லது, எங்கே சிக்கல்

டொரண்டோவிலிருந்து நயாகரா சுமார் 130 கிலோமீட்டர். காரில் காலையில் கிளம்பினால் இரவே வீடு திரும்பிவிடலாம். ஆனாலும் குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு இரண்டு இரவு தங்க நினைக்கும் குடும்பங்களுக்கு வாடகை மோட்டார் ஹோம் பெரிய வசதி. அடுப்பு, கழிப்பறை, படுக்கை மூன்றும் கூடவே வருகின்றன. தங்குவதற்கு அது அருமை என்றே சொல்வோம். அருவிக்கரை வரை மட்டும் அதை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வாடகைக்கு அதிகம் கிடைப்பது ஓட்டுநர் இருக்கைக்கு மேலேயும் படுக்கை உள்ள சி வகுப்பு வண்டி, சுமார் 25 அடி நீளம். ஒன்ராறியோவில் சாதாரண 'ஜி' உரிமம் போதும். பெட்ரோல் 100 கிலோமீட்டருக்கு 20 முதல் 25 லிட்டர் வரை குடிக்கும். கியூ.இ.டபிள்யூ. நெடுஞ்சாலையில் பர்லிங்டன், செயின்ட் கேதரின்ஸ் ஆகிய இரண்டு இடங்களிலும் உயரமான மேம்பாலங்கள் உண்டு. பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும் இடம் அதுதான். வேகத்தைக் குறைத்து வலது தடத்தில் போங்கள். பெட்ரோல் போடும் முன், அடுப்புக்கான புரோப்பேன் எரிவாயுவின் வால்வை மூடிவிட வேண்டும்.

வண்டியின் உயரம் 3.3 மீட்டருக்கு மேல் இருக்கும். ஓட்டல்களின் அடுக்கு வாகன நிறுத்தங்களுக்குள் நுழையவே முடியாது. அருவிக்கருகே உள்ள கேளிக்கைத் தெருவான கிளிஃப்டன் ஹில் சரிவு கோடையில் மனிதர்களால் நிரம்பி வழியும். அங்கே பின்னெடுத்துத் திருப்புவது கொடுமை. லண்டிஸ் லேன் சாலைப் பக்கத்தில், இத்தகைய வண்டிகள் தங்கும் முகாம்களில் ஒன்றில் நிறுத்திவிட்டு, சுற்றுலாப் பயணிகளுக்கான வீகோ பேருந்தில் போவதே சரியான வழி. சிவப்புத் தடம் லண்டிஸ் லேன் வழியாகவும், பச்சைத் தடம் ஆற்றங்கரைச் சாலையிலும் ஓடுகின்றன.

முகாமில் மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் உள்ள இடத்தையே பதிவு செய்யுங்கள். தண்ணீருக்கு, குடிநீருக்கென்று விற்கும் வெள்ளைக் குழாயும் அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரும் தேவை. ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டினால் உள்ளே பிளாஸ்டிக் இணைப்புகள் பிதுங்கிக் கசியும். மின் இணைப்பு 30 ஆம்பியர், 120 வோல்ட். ஆக மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடும்போது கெட்டிலையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். தேநீருக்குத் தண்ணீர் வைக்க புரோப்பேன் அடுப்பே நல்லது. வண்டி சமமாக நிற்கிறதா என்றும் பாருங்கள். சரிந்து நின்றால், புரோப்பேனில் ஓடும் வகைக் குளிர்பெட்டி குளிர்விக்காமல் போகும். முதல் இரவே மீன் கெட்டுவிடும்.

அதிகம் பிழை நடப்பது கழிவுத் தொட்டிகளில்தான். கழிப்பறைக்கு ஒன்று, குளியலுக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் வேறொன்று. கழிவுக்குழாயை மாட்டியதும் இரண்டு தொட்டிகளின் வால்வுகளையும் திறந்தே விட்டுவிடுகிறார்கள். கழிப்பறைத் தொட்டியில் அப்படிச் செய்தால் நீர் மட்டும் வடிந்து, கெட்டியானது அடியில் மேடாகிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வால்வு மூடியே இருக்கட்டும். தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தபின் திறந்து வெளியேற்றுங்கள். அது முடிந்ததும் அடுத்த தொட்டியைத் திறந்தால் அந்தச் சோப்பு நீர் குழாயையே கழுவிவிடும். கையுறை கட்டாயம். நம் வீட்டுச் சமையலில் அரிசி கழுவிய நீரே இந்த இரண்டாவது தொட்டியைச் சீக்கிரம் நிரப்பும். கறி எண்ணெயைத் தாளில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். உள்ளே ஊற்றினால் அளவு காட்டும் உணரிகளில் படிந்து, காலித் தொட்டியையும் நிறைந்ததாகக் காட்டும்.

இனி அருவி. குதிரைலாட அருவியின் உயரம் சுமார் 57 மீட்டர். கனடா பக்கம் டேபிள் ராக் முனையில் நின்று பார்க்கக் காசு கேட்பதில்லை. எங்கள் கணக்கில் மொத்தப் பயணத்திலும் சிறந்த காட்சி அதுதான். கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட 1950 ஒப்பந்தப்படி ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 8 முதல் இரவு 10 வரை நொடிக்கு 2,832 கனமீட்டர் நீராவது அருவியில் விழ வேண்டும். அதன் பிறகு இரவில் அதில் பாதி போதும். மீதி மின் நிலையங்களுக்குத் திருப்பப்படுகிறது. செப்டம்பர் 16 முதல் அக்டோபர் இறுதி வரை அந்த நேரம் இரவு 8 மணியோடு முடிகிறது. முழு வேகத்தைப் பார்க்க வேண்டுமானால் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போகலாம் என்று இருக்காதீர்கள்.

கட்டணம் கட்டிப் பார்ப்பவற்றில் படகுச் சவாரிக்குத் தயங்காமல் கொடுக்கலாம். அருவிக்குப் பின்னால் போகும் குகைப்பாதையில், திறப்புகள் வழியே வெள்ளைத் திரை போல நீர் மட்டுமே தெரியும். வெளித்தளத்துக்காக வேண்டுமானால் போகலாம். அதைவிட, 1905 முதல் 2006 வரை ஓடிய பழைய மின் நிலையம் மேல். 55 மீட்டர் ஆழத்துக்கு லிஃப்டில் இறங்கி, 670 மீட்டர் சுரங்கத்தில் நடந்தால் ஆற்றின் விளிம்பிலேயே வெளிவருவோம். படி ஏற முடியாத பெரியவர்களுக்கும் ஏற்றது, போகவர 1.3 கிலோமீட்டர் நடை என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அக்டோபர் பாதிக்குமேல் உறைபனி தொடங்கலாம். பல முகாம்கள் தண்ணீரை நிறுத்திவிடுகின்றன. அமெரிக்கக் கரைக்கும் ஓட்டிப்போக நினைத்தால் வாடகை நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதியை முதலிலேயே வாங்குங்கள். குளிர்பெட்டியில் உள்ள இறைச்சி, பழங்களை எல்லையில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.