‘3 டன்’ ஸ்டிக்கரை நம்பி ஜாக் வாங்கிவிடாதீர்கள்

காட்டுப்பாதை, மணல், ஆற்றுப்படுகை என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஜாக் வாங்கப் போங்கள். என் மச்சானின் விரல்கள் நசுங்கியிருக்கும், ஒரு நொடியில் தப்பின. இன்னும் அந்தப் பதற்றம் எனக்குப் போகவில்லை.

வண்டியோடு வந்த கத்தரி ஜாக் தார்ச்சாலைக்குப் போதும். மணலிலும் சரளையிலும் அது சாய்ந்துவிடும் என்பதால் ஒரு பாட்டில் ஜாக் (பாட்டில் வடிவில், உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தத்தால் தண்டு எழும்பித் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்) தேடிப் போனேன். கடைக்காரர் சிவப்பு பெயின்ட் பளபளக்கும் ஒன்றை எடுத்து வைத்தார். மேலே ‘3 டன்’ என்று பெரிய ஸ்டிக்கர். “இது ஆஃப் ரோடுக்குன்னே வர்றது சார். 40 சென்டிமீட்டர் தூக்கும், கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார். நான் டேப் வைத்து அளக்கவில்லை. வண்டிக்குக் கீழே ஒருமுறை வைத்தும் பார்க்கவில்லை. அப்படியே வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

மூன்றாம் நாள், வறண்ட ஓடை ஒன்றைக் கடக்கும்போது பின்பக்க டயரின் பக்கச்சுவர் கல்லில் கிழிந்தது. காற்று மொத்தமும் போய் ரிம் தரையைத் தொடுகிற நிலை. ஜாக்கை எடுத்துக்கொண்டு குனிந்தால், அது ஆக்சிலுக்கு (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) அடியில் நுழையவே இல்லை. அளந்தோம். ஆக்சிலுக்கும் தரைக்கும் இடையே 13 சென்டிமீட்டர். முழுக்க இறக்கிய நிலையிலேயே ஜாக் 20. காற்று நிறைந்த டயரோடு நிற்கும்போது ஆக்சில் நல்ல உயரத்தில் இருக்கிறது. ஆனால் ஜாக் தேவைப்படுவது டயர் சப்பையாகும் நேரத்தில்தானே! கடையில் இதை நான் யோசிக்கவே இல்லை.

அவர் சொன்ன 40 என்ன என்பதும் அங்கேதான் புரிந்தது. தரையிலிருந்து தலை வரைக்கும் உள்ள மொத்த உயரத்தைத்தான் சொல்லியிருக்கிறார். அதுவும் 37தான் வந்தது. தண்டு மேலே ஏறுவது 11, கையால் திருகி நீட்டும் தலை 6. சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், கொடுத்துத் தூக்கலாம் என்றால், வண்டியின் உடல் மேலே போகப் போக ஸ்பிரிங் விரிந்து சக்கரம் கீழேயே தொங்கும். அதற்கு இன்னும் எவ்வளவோ உயரம் வேண்டும். ஆக்சிலில் கொடுத்தால்தான் சக்கரம் உடனே எழும்பும்.

வேறு வழியில்லாமல் மணலைத் தோண்டினோம். குழிக்குள் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஜாக்கை வைத்தோம். முதல் கியர், ஹேண்ட் பிரேக், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். வீல் நட்டுகளைக் கழற்றியாயிற்று. மச்சான் டயருக்கு அடியில் விரல் கொடுத்துச் சக்கரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஜாக்கின் தண்டு பளபளவென்று ஈரமாகத் தெரிந்தது. கழுத்தைச் சுற்றி எண்ணெய் கசிந்து வழிந்துகொண்டிருந்தது.

“மச்சான், கைய எடுங்க!”

அவர் எடுத்தார். ஆக்சில் சரசரவென்று இறங்கி, அவர் விரல் இருந்த இடத்தில் டயர் மணலில் பதிந்தது.

அதற்குப் பிறகு ஜாக்கை நம்பவில்லை. பம்ப் அடித்துக் கொஞ்சம் ஏற்றுவது, ஏறிய அளவுக்கு ஆக்சிலுக்கு அடியில் தட்டையான கல்லைச் செருகுவது என்று மாறி மாறிச் செய்தோம். வண்டியின் பாரம் கல்லில் உட்கார்ந்த பிறகு, சக்கரத்தைத் தூக்குவதற்குப் பதிலாக அதன் அடியில் இருந்த மணலைத் தோண்டிச் சக்கரத்தை உருவினோம். ஸ்டெப்னியில் காற்று நிறைந்திருப்பதால் அதற்கு இன்னும் ஆழம் வேண்டியிருந்தது. நான்கு மணி நேரம் ஆனது. இந்த வழியை மட்டும் மறக்காதீர்கள், ஒருநாள் உதவும்.

ஊர் திரும்பியதும் ஜாக்கைத் துடைத்துப் பார்த்தேன். எண்ணெய் வழிந்த இடத்தில் சிவப்பு பெயின்ட் தோல் உரிவதுபோல் சுருண்டு வந்தது. ஜாக் ஆயில் பெயின்ட்டை அப்படி உரிக்காது, பிரேக் ஆயில்தான் உரிக்கும். மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்தால், உள்ளே இருந்தது பிரேக் ஆயிலேதான். ஹைட்ராலிக் ஜாக்கின் சீல் கனிம எண்ணெய்க்கென்று செய்த ரப்பர். பிரேக் ஆயிலில் அது ஊறி உப்பிக் கெட்டுவிடும். பெயின்ட்டுக்கு அடியில் பழைய துரு. ‘3 டன்’ ஸ்டிக்கரைப் பிய்த்தபோது உடம்பிலேயே வார்த்திருந்த எழுத்து கண்ணில் பட்டது: 2. பழைய ஜாக்குக்குப் புதுச் சாயம் பூசி, ஸ்டிக்கர் ஒட்டி என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கடையில் கொண்டுபோய் வைத்தேன். “பயன்படுத்தின பொருள திரும்ப எடுக்க மாட்டோம் சார், ரோட்ட விட்டு இறங்குனா வாரண்டி கிடையாது” என்றார் அதே மனிதர். ஆஃப் ரோடுக்குன்னே வர்றது என்று சொன்ன அதே வாய். ஒரு மனிதனின் கை போயிருந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். பதில் இல்லை.

அதனால் வாங்குவதற்கு முன் வீட்டிலேயே இதைச் செய்யுங்கள். பயணச் சாமான் முழுவதையும் ஏற்றி, ஒரு டயரின் காற்றை முழுக்க இறக்கி, ஆக்சில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஜாக்கின் இறக்கிய உயரம், அடியில் போடும் பலகையையும் சேர்த்து, அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஏறும் அளவு, காற்றடைத்த ஸ்டெப்னி மாட்டும் வரை எட்ட வேண்டும். கடையிலேயே உங்கள் வண்டியைத் தூக்கச் சொல்லி, தண்டில் ஒரு கோடு போட்டுப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கோடு இறங்கினால் நடையைக் கட்டுங்கள்.

பலகையையும் லேசாக நினைக்காதீர்கள். 600 கிலோ பாரம் 10க்கு 10 சென்டிமீட்டர் அடிப்பாகத்தில் நின்றால் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ. அதுவே 30க்கு 30 கெட்டிப் பலகையில் பரவினால் முக்கால் கிலோகூட வராது. மணல் தாங்குவது இரண்டாவதைத்தான்.

கடைக்காரர் எனக்கு நெடுந்தண்டு ஃபார்ம் ஜாக்கையும் (உயரமான இரும்புத் தண்டில் கைப்பிடியை அடித்து அடித்து ஏற்றுவது) காட்டினார். நிறைய உயரம் தூக்கும், உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக் பம்பர் உள்ள வண்டியில் அதைக் கொடுக்க இடமே இருக்காது. பாரம் ஏறிய நிலையில் கைப்பிடி நழுவினால் எகிறித் தாடையைப் பெயர்த்துவிடும். பழக்கமில்லாதவர்கள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. எந்த ஜாக்காக இருந்தாலும், அது மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது.

பில்லில் ஜாக்கின் மாடல், டன் அளவு, இறக்கிய உயரம், ஏறும் உயரம் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். என் பில்லில் ‘ஜாக் – 1’ என்று மட்டும்தான் இருந்தது.