கொழும்பில் பட்டாணியா, பயற்றங்காயா, சிறகவரையா?

நேராகச் சொல்லிவிடுகிறேன்: காய் வேண்டுமென்றால் கொழும்பில் பட்டாணி போடாதீர்கள். நான் போட்டேன். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பெல்கனி, காலை வெயில் மட்டும், நாலு சாடி, டிசம்பர் முதல் வாரம். இங்கே விடியற்காலை கொஞ்சமாவது குளிர்வது டிசம்பர், ஜனவரியில்தான், அப்போதும் 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். பட்டாணிக்குப் பிடித்தது 13 முதல் 18 பாகை, பகல் வெப்பம் 27, 28ஐத் தாண்டினால் பூ பிஞ்சாகாமல் உதிரத் தொடங்கும், நமக்கோ ஜனவரிப் பகலே 30ஐத் தொடும். செடி முளைத்தது, முழங்கால் உயரம் வந்தது, வெள்ளையாகப் பூத்தது, பிறகு பாதிப் பூ தரையில். நாலு சாடியிலும் பிடுங்கியதை உரித்தால் ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிறையவில்லை. "உதுக்கு நுவரெலியாக் குளிர் வேணும் பிள்ளை" என்று அம்மம்மா விதை போட்ட அன்றே சொன்னவர்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். செடியில் நின்றபடியே உரித்துத் தின்ற அந்தப் பத்து மணிகளின் இனிப்பு எந்த ஐஸ் பெட்டிப் பாக்கெட்டிலும் இல்லை. பிடுங்கிய நேரத்திலிருந்தே பட்டாணியின் சீனி மாவாக மாறத் தொடங்கிவிடும், அதனால் சந்தைக்கு வந்து சேர்வதற்குள் பாதி ருசி போய்விடுகிறது. மலைநாட்டில் வீடு இருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பயற்றங்காய் இதற்கு நேர் எதிர், வெயில்தான் அதற்குச் சாப்பாடு. நாலைந்து நாளில் முளைக்கும், 50, 60 நாளில் முதல் காய், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் பிடுங்கலாம். பெல்கனியில் வெயில் போதவில்லை என்று நான் சாடிகளை மேல்மாடிக்குத் தூக்கினேன், ஆறு மணி நேர வெயில் கிடைத்ததும் அதன் போக்கே மாறிவிட்டது. பந்தல் விஷயத்திலும் இரண்டும் ஒன்றில்லை: பட்டாணி சின்னச் சுருள் கையால் பிடித்து ஏறும், அதற்கு மெல்லிய நூலோ வலையோ வேண்டும், பயற்றங்கொடி தண்டாலேயே சுற்றி ஏறும், ஆளுயரக் கம்பு நட்டால் போதும். பென்சில் தடிப்பில், உள்ளே விதை புடைக்குமுன் பிடுங்குங்கள். ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் காய் பஞ்சாகிவிடும், முற்றிய காய் கொடியில் தொங்கினால் புதுப் பூவும் குறையும். தொல்லை என்றால் கொழுந்தில் கூட்டமாக ஒட்டிச் சாறு குடிக்கும் கறுப்புப் பூச்சிதான், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இரண்டு மூன்று நாள் கழுவினால் அடங்கும். அப்புறம், யூரியா வேண்டாம். அவரைக் குடும்பம் வேர் முடிச்சுகளில் தனக்கு வேண்டிய நைதரசனைத் தானே பிடித்துக்கொள்ளும், நாமும் அள்ளிக் கொட்டினால் இலைதான் மிஞ்சும்.

சிறகவரை, நாலு ஓரமும் சிறகு மாதிரி விரிந்த காய், சிங்களத்தில் தம்பல, வேலியோ மதிலோ உள்ள வீட்டுக்காரர்களுக்கு. சாடி அதற்குக் காணாது. விதைத் தோல் தடிப்பு, இரவு முழுக்க ஊறப்போட வேண்டும், காய்க்க மூன்று மாதமும் ஆகலாம். பகல் நீண்டால் பூக்கத் தயங்கும் கொடி இது, நமக்கு வருடம் முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால் அந்தக் கவலை இல்லை. காயோடு இலை, பூ, கிழங்கு எல்லாமே சாப்பிடலாம், காய் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குள் பறித்துவிட வேண்டும், அதற்குமேல் நார்.

சரி, பட்டாணி ஆசை விடவில்லையா? இலைக்குப் போடுங்கள். பூவே வேண்டாம் என்னும்போது வெக்கை பெரிய தடையில்லை. பலசரக்குக் கடையில் முழுப் பட்டாணி வாங்கி ஓர் இரவு ஊறவைத்து, தட்டையான தட்டில் தும்புச்சோறு, அதாவது தேங்காய்த் தும்புத் தூள், பரப்பி நெருக்கமாகப் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சாண் வளரும், அடியிலையை விட்டு மேலே கத்தரித்தால் மறுபடியும் ஒருமுறை துளிர்க்கும், தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தால் பட்டாணி வாசமே வரும். மே, ஜூன் மழையில் மட்டும் தட்டைக் கூரைக்கடியில் வையுங்கள், ஈரம் நின்றால் தண்டு அழுகும். பட்டாணிப் பருப்பு வாங்கிவிடாதீர்கள், உடைத்தது முளைக்காது. நான் அதையும் ஒருதரம் ஊறப்போட்டு, ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் அரைத்து வடை சுட்டேன்.